மூன்று நிமிடத்தில் எழுபது வினாடி குறைவு

அன்புக்கும் மரியாதைக்கும் என்றும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

நான் நலமாக இருக்கிறேன். இதை நானே சொல்வதால் நீங்கள் ஒருவேளை நம்பலாம். உங்கள் வங்கி நம்பாது. தாங்களும், என் மகளும், பிறந்து இருபத்தாறு நாளே ஆகி வீட்டையே அதிகாரம் செய்வதாகக் கேள்விப்படும் என் பேத்தியும் சுகம்தானே? உங்கள் அத்தையின் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. தொலைபேசியில் அவள் போடும் சத்தமே சொல்கிறது.

மாப்பிள்ளையிடம் கோபமாகப் பேசுவது முறையல்ல என்று எனக்குத் தெரியும். ஆகவே இந்தக் கடிதத்தில் என் கோபம் முழுவதும் வங்கியின் மேல்தான். படிக்கும்போது வங்கி என்ற இடத்தில் உங்கள் முகம் ஞாபகத்துக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. கல்யாணப் பேச்சின்போது, மாப்பிள்ளைக்கு வங்கித் தலைமை அலுவலகத்தில் பாதுகாப்புப் பிரிவில் உத்தியோகம் என்றார்கள். என் தம்பி, "வாசல்ல துப்பாக்கி வெச்சுக்கிட்டு நிக்கிற வேலையா?" என்று கேட்டான். அவனை அதட்டி உட்காரவைத்தேன். இப்போது யோசித்தால் அந்த வேலையாகவே இருந்திருக்கலாம். துப்பாக்கிக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் வணக்கம் சொல்லி உள்ளே விடுகிறார். உள்ளே போன பிறகுதான் நான் யார் என்பதில் சந்தேகம் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் கண் அறுவை சிகிச்சையும் மகளின் பிரசவமும் ஒரே வாரத்தில் வந்து நின்றதால், உங்கள் அத்தையை அங்கே அனுப்பிவிட்டு நான் இங்கே தங்கியதும், டாக்டர் மூன்று வாரம் பயணம் கூடாது என்றதும் தங்களுக்குத் தெரியும். அந்தக் கெடு போன திங்கட்கிழமை முடிந்தது. புதுக் கண் பளிச்சென்று தெரிகிறது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது பேத்தியின் முகம் என்று ஆசைப்பட்டேன். ஐந்து நாளாக அந்தக் கண்ணால் நான் பார்ப்பதெல்லாம் "தவறான எண், மீண்டும் முயலவும்" என்கிற சிவப்பு எழுத்தைத்தான். வீடியோவில் பார்க்கலாமே என்று என் மகள் சொல்கிறாளாம். பேத்தியை நாலங்குலக் கண்ணாடியில் பார்ப்பதற்கா நான் கண்ணில் கத்தி வைத்துக்கொண்டேன்?

ரயில் நிலையத்தில் முன்பதிவு சன்னலை மூடிவிட்டார்கள். எல்லாம் கணினியில்தானாம். முன்பதிவில்லாத பெட்டியில் ஏறலாம், ஆனால் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு பதினோரு மணி நேரம் நின்றுகொண்டு வர முடியாது. ஆகவே எங்கள் தெருமுனைக் கணினி மையத்துக்குப் போனேன். எழுத்தெல்லாம் தேய்ந்துபோன விசைப்பலகை, பக்கத்தில் சூடாகிக் கிடக்கும் நகல் எடுக்கும் இயந்திரம், நடுவில் அதை நடத்தும் அம்மாள். அவர் மளமளவென்று என் பெயர், வயது, கீழ்ப்படுக்கை எல்லாம் தட்டி, கார்டு எண்ணும் போட்டு, "ஓடிபி சொல்லுங்க சார்" என்றார். அங்கேதான் வினை. என்னிடம் மொபைல் இல்லை. இரண்டு வருடம் முன்பு உங்கள் வங்கிக் கிளையில், மொபைல் எண் எழுதாவிட்டால் கார்டு வேலை செய்யாது என்று சொல்லி, "வீட்ல யார் நம்பராவது போடுங்க சார்" என்றார்கள். உங்கள் அத்தையின் எண்ணைப் போட்டேன். இப்போது நான் இங்கே, கார்டு என் கையில், நான் யார் என்பதற்கான அத்தாட்சி மட்டும் உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் மேல்.

மையத்து அம்மாளின் போனிலிருந்து உங்கள் அத்தையைக் கூப்பிட்டேன். "வந்துடுச்சுங்க, இப்பதான் டிங்குன்னு சத்தம் கேட்டுது" என்றாள். நம்பரைச் சொல் என்றேன். "இருங்க, பார்த்துச் சொல்றேன்" என்றாள். டொக். பேசிக்கொண்டிருக்கும்போதே செய்தியைப் பார்க்கலாம் என்பது அவளுக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். பார்த்தபின் கண்ணாடி தேடி, எண்ணைக் காகிதத்தில் எழுதி, குழந்தைக்குத் துணி மாற்றிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். எண் செத்துப்போயிருந்தது. மறுநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டே தயாராக இரு என்று சொல்லிவைத்தேன். இருந்தாள். கடகடவென்று ஆறு எண்ணையும் வாசித்தாள். அது குழந்தைக்குத் தடுப்பூசி போட மருத்துவமனையிலிருந்து வந்த எண்.

நான் முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். என் முத்திரை விழாமல் எங்கள் வட்டாரத்தில் ஒரு தராசு மேசை மேல் உட்கார முடியாது. அந்தப் பழக்கம் விடவில்லை. மூன்றாம் நாள் வினாடி முள்ளுள்ள என் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு சோதனை செய்தேன். எண் மூன்று நிமிடம் செல்லும் என்று உங்கள் வங்கி திரையில் எழுதுகிறது. பொத்தானை அழுத்தியதிலிருந்து உங்கள் அத்தையின் போனில் டிங் அடிக்க எழுபது வினாடி ஆகிறது. ஆனால் உங்கள் கடிகாரம் பொத்தானை அழுத்திய கணமே ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஆக, மூன்று நிமிடம் என்று சொல்லி நீங்கள் கொடுப்பது ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. மாப்பிள்ளை, இதற்குப் பெயர் அளவில் மோசடி. என் காலத்தில் ஒரு கடைக்காரன் இப்படி அளந்திருந்தால் படியைப் பறிமுதல் செய்து, கடை வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருப்பேன். உங்களை என்ன செய்வது? பெண்ணைக் கொடுத்துவிட்டேனே.

இந்தச் சோதனைகளுக்குள் உங்கள் வங்கிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "உங்கள் கணக்கை யாரோ பயன்படுத்த முயல்கிறார்கள். அது நீங்கள்தானா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு" என்று உங்கள் அத்தைக்குச் செய்தி அனுப்பியது. அவள் பொய் பேசாதவள். முயன்றது அவள் இல்லை, நான்தான். ஆகவே இரண்டை அழுத்தினாள். உடனே என் கார்டை முடக்கி, அவள் விழிப்பாக இருந்ததற்கு வாழ்த்தும் சொல்லிவிட்டது உங்கள் வங்கி. என் கணக்கில் கைவைக்கப் பார்த்த திருடனை என் மனைவியே பிடித்துக்கொடுத்தாள். அந்தத் திருடன் நான்.

நேற்றுக் கிளைக்குப் போனேன். பேனாவைக்கூட நம்பாமல் நூலில் கட்டிப்போட்டிருக்கிற இடம். டோக்கன் எடுத்து ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தேன். மேலாளர் எழுந்து நின்று, முழங்கால் எப்படி இருக்கிறது, பேத்தி யார் சாயல் என்றெல்லாம் விசாரித்து டீ வரவழைத்தார்.

"சார், உங்களை எனக்குப் பதினெட்டு வருஷமாத் தெரியும். சிஸ்டத்துக்குத்தான் தெரியலை."

"அப்போ நம்பரை மாத்திக் குடுங்க. இங்கேயே ஒரு போன் வாங்கித் தொலைக்கிறேன்."

"நம்பரை மாத்தணும்னா பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும் சார்."

"அது என் கைக்கு வராததாலதானே மாத்தச் சொல்றேன்?"

"வராம இல்ல சார், வருது. உங்ககிட்ட வரலை, அவ்வளவுதான்."

நல்ல மனிதர், தானே பேசிப் பார்க்கிறேன் என்று உங்கள் அத்தையைக் கூப்பிட்டார். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னால் ஒரு வார்த்தையும் நம்பாதே, எண்ணை மட்டும் கொடுக்கவே கொடுக்காதே என்று நீங்கள் அவளுக்கு ஒரு மாதமாகப் பாடம் நடத்துகிறீர்களாமே? நன்றாகவே நடத்தியிருக்கிறீர்கள். "மேனேஜரா? வெக்கமா இல்ல? உழைச்சுச் சாப்பிடேன்டா!" என்று ஆரம்பித்தாள். பதினெட்டு வருட மேலாளரின் முகம் வெளுத்துவிட்டது. நான் போனை வாங்கி, "இதோ பாரும்மா, நான்தான் பேசறேன், கொஞ்சம் கேளு" என்றேன். "அவரு குரல்லயே பேசினா ஏமாந்துடுவேனா? எங்க வீட்டுக்காரரு இவ்வளவு பொறுமையாப் பேசி நான் கேட்டதே இல்ல!" டொக்.

"மாமா, நானே டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன்" என்று தாங்கள் சொன்னீர்கள். மையத்து அம்மாளும் தன் கணக்கிலிருந்து கட்டுவதாகவும் நான் கையில் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். இருவருக்கும் ஒரே பதில்தான். பேத்தியை முதல்முறை பார்க்கப் போகிற தாத்தா, சொந்தப் பணத்தில், சொந்தப் பெயரில், தலை நிமிர்ந்து போவான். வீம்பு என்று உங்கள் அத்தை சொல்வாள். சொல்லட்டும். கடைசி மூச்சு வரை நான் மொபைல் வாங்கப்போவதில்லை. நான் நான்தான் என்று உங்கள் வங்கி எழுத்தில் கொடுக்கும் வரை, முன்பதிவில்லாத பெட்டியில் முண்டியடித்துக்கொண்டு வந்து உங்கள் வீட்டுப் படியை மிதிக்கப்போவதுமில்லை. இது முடிவு. ஆசை இல்லாமல் இல்லை மாப்பிள்ளை. தினமும் காலையில் எழுந்ததும் இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எண்ணுகிறேன். ஆனாலும் முடிவு முடிவுதான்.

தாங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், சிக்னல் குறையாமல் நீடூழி வாழ மனமார ஆசீர்வதிக்கிறேன். என் மகளை வெறும் தரையில் நடக்க வேண்டாம் என்று சொல்லவும். உங்கள் அத்தையிடம் நான் கோபமாக இருப்பதாகச் சொல்லவும். அப்போதுதான் பேசியது நான்தான் என்று நம்புவாள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
(வங்கியால் உறுதிசெய்யப்படவில்லை)

பின்குறிப்பு: மேலே எழுதியது வெள்ளிக்கிழமை. இன்று ஞாயிறு. நேற்று இதைத் தபாலில் போடப் போனேன். தபால் நிலையம் ரயில் நிலையத்துக்கு எதிரில்தானே இருக்கிறது, வண்டியும் நின்றுகொண்டிருந்தது. முன்பதிவில்லாத பெட்டியில்தான் வந்தேன். மூட்டை தூக்குகிற ஒருவர் என் முழங்காலைப் பார்த்துவிட்டு, எந்த எண்ணும் கேட்காமல் எழுந்து இடம் கொடுத்தார். உங்கள் ஊரில் இறங்கியதும் ஒரு மொபைலும் வாங்கிவிட்டேன். அதற்கு உயிர் வர நாலு மணி நேரம் ஆகுமாம்.

இப்போது உங்கள் குடியிருப்பின் கீழே, காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே விடுவதற்கு உங்கள் மொபைலுக்கு ஓர் எண் வந்திருக்கிறதாம். அதை நான் சொல்ல வேண்டுமாம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமையிலும் ஏதோ கூட்டத்தில் இருக்கிறீர்கள் போல, போனை எடுக்கவில்லை. காவலாளி இங்கிருந்தே மேலே வீட்டுக்கு அழைத்தார். உங்கள் அத்தை எடுத்து, "அவரு ஊர்ல இருக்காரு. போன்ல ஏமாத்தினது போதாதுன்னு வாசலுக்கே வந்துட்டீங்களா?" என்று வைத்துவிட்டாள். காகிதத்துக்கு ஓடிபி வேண்டாமாம், அதனால் கடிதத்தை மட்டும் மேலே கொடுத்தனுப்பக் காவலாளி சம்மதித்திருக்கிறார். உங்கள் அத்தையே பிரித்துப் படிக்கட்டும். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகும் அவளுக்குச் சந்தேகம் இருந்தால் பரவாயில்லை, கதவைத் திறக்க வேண்டாம். குழந்தையை மட்டும் ஒரு நிமிடம் பால்கனிக்குத் தூக்கி வரட்டும். மூன்றாவது மாடிதானே, இங்கிருந்து நன்றாகவே தெரியும். உலகத்தில் என்னை நிஜமாகவே தெரியாத ஒரே ஆள் என் பேத்திதான். அவளாவது எண் கேட்க மாட்டாள்.