வீராயி காய்ச்சிய ஒன்றாம் நம்பர் சரக்கு

ஒரு காட்டில் என்று ஆரம்பித்ததுமே உங்களுக்கு ஓடையும் மாமரமும் குயிலும் ஞாபகம் வந்துவிடும். அதெல்லாம் பக்கத்துக் காடு. இந்தக் காட்டில் உடைமரம், சப்பாத்திக்கள்ளி, வெயில், அவ்வளவுதான். மழை எப்போதாவது வரும். விலாசம் தவறி வந்துவிட்ட விருந்தாளி மாதிரி உடனே திரும்பிப் போய்விடும். கிணறு உண்டு. அதில் தண்ணீரும் உண்டு. வாயில் வைத்தால் குடலைப் புரட்டும் உப்பு.

ஆனால் கம்பு விளையும். அந்தக் கம்புக்கு என்ன ரோஷமோ, அந்த உப்புத் தண்ணீரைக் குடித்தே கதிர் விட்டது. விளைந்த கம்பைக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கலாமே என்று நினைப்பவர்களுக்கு ராஜாங்கம் நடத்தத் தெரியாது. அதைச் சாராயம் காய்ச்ச வேண்டும். தூரத்து மலையில் அருவிக்குப் பக்கத்தில் குடியிருந்த சிங்கராஜாவின் உத்தரவு அது. வீட்டுக்கு வீடு அடுப்பு, வீட்டுக்கு வீடு உரிமம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி அரண்மனைக்கு ஒரு கலயம் சாராயம். தராத வீட்டின் வளையும் நிலமும் பறிபோகும்.

பெரியவர்கள் தாகம் எடுத்தால் சாராயம் குடித்தார்கள். எடுக்காவிட்டாலும் குடித்தார்கள். குட்டிகள் மட்டும் கள்ளிப்பழத்தைச் சப்பிக்கொண்டு கிடந்தன. பல் முளைத்து முடியாத குட்டிகள் மதுவைத் தொடவே கூடாது என்று கடுமையான சட்டம் இருந்தது. ராஜாவுக்குக் குழந்தைகள் மேல் அவ்வளவு பிரியம்.

அப்போ குட்டிகளுக்குக் குடிதண்ணீர்? அதற்கும் சட்டம் இருந்தது. குடிதண்ணீர் கொடுப்பது ராஜாங்கத்தின் கடமை. அந்தக் கடமையை வேறு யாராவது செய்தால் ராஜாங்கத்துக்கு அவமானம். ஆகவே யாரும் சொந்தமாகக் குடிதண்ணீர் தயார் பண்ணக்கூடாது. பண்ணினால் பானை உடைக்கப்படும். வாரத்துக்கு ஒருமுறை எருமை ஒன்று தண்ணீர் வண்டியை இழுத்துக்கொண்டு வரும். எல்லோரும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் காய்வார்கள். எருமை குழாயைத் திறக்கும். குழாயிலிருந்து புஸ்ஸென்று காற்று வரும்.

"காத்து நல்லா வருது பாத்தியா? அடுத்த வாரம் தண்ணியும் வந்துரும்" என்று சொல்லிவிட்டு எருமை போய்விடும்.

இந்தக் காட்டில்தான் வீராயி என்ற முள்ளம்பன்றி மூன்று குட்டிகளோடு பிழைத்துவந்தாள். புருஷன் மேற்கே பிழைக்கப் போனவன், போனவன்தான். வீராயிக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். கோபம் வந்தால் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். ஆனால் கடைக்குட்டி பொட்டு நாக்கு வறண்டு சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்தால் அந்த முள்ளெல்லாம் தானாகப் படிந்துவிடும். கோபப்பட்டு யார் மேல் பாய்வது? வெயில் மேலா?

அந்த மாதம் அவள் ஒரு குற்றம் செய்துவிட்டாள். காய்ச்ச வேண்டிய கம்பையெல்லாம் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுத்துவிட்டாள். பௌர்ணமி நெருங்கியது. கலயம் காலி.

பக்கத்து வளைப் பெருச்சாளி சங்கிலி எட்டிப் பார்த்தான். இருபொழுதும் மப்பிலேயே இருந்தாலும் நல்ல மனசுக்காரன்.

"என்ன மதினி, உங்க வீட்டு அடுப்புல புகையே காணோம்? கலால் அய்யா தூரத்துலேருந்தே புகையத்தான் பாப்பாரு."

"எதப் போட்டுக் காய்ச்ச? என் தலையையா? கம்ப நம்ம புள்ளைக தின்னுருச்சுக கொழுந்தனாரே."

"புள்ளைகளுக்குச் சோறு போடுற பழக்கத்த விடச் சொல்லி எத்தன தடவ சொன்னேன்! சரி, கிணத்துத் தண்ணிய ஊத்தியாவது அடுப்பப் பத்தவைங்க. புகை வரட்டும். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

வீராயி அப்படியே செய்தாள். சாராய அடுப்பு என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அடியில் ஒரு பானை, அதன் மேல் ஓட்டை போட்ட பானை, உச்சியில் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டி. ஓட்டைகளை வீராயி தன் முதுகு முள்ளைப் பிடுங்கியே போட்டிருந்தாள். கீழே கொதிக்கிற ஆவி மேலே போய்ச் சட்டியில் முட்டி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக நடுவிலிருக்கும் கலயத்தில் இறங்கும். கம்பை ஊறவைத்துப் புளிக்கவிட்ட ஊறலைப் போட்டால் சாராயம் இறங்கும். வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றினால் என்ன இறங்கும்? அந்தக் காட்டில் யாருக்கும் தெரியாது. யாருக்கும் அப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் தோன்றியதில்லை.

கலயம் நிறைந்ததும் வீராயி விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். மறுபடியும் நக்கினாள்.

"ஆத்தாடி!" என்றாள். உப்பு அத்தனையும் அடிப்பானையிலேயே தங்கிவிட்டது. கலயத்தில் இருந்தது நல்ல தண்ணீர். பொட்டுவைத் தூக்கி மடியில் போட்டு வாயில் ஊற்றினாள். குட்டி ஒரு மடக்குக் குடித்தது, கண்ணைத் திறந்தது, கலயத்தையே பிடுங்கிக்கொண்டது. வீராயி அழுதாள். சந்தோஷத்தில்தான். இவ்வளவு நாள் இந்த அடுப்பை வைத்துக்கொண்டா பிள்ளைகளைக் காயப்போட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டும் அழுதாள்.

அதற்குப் பிறகு அடுப்பு அணையவில்லை. குட்டிகள் குடித்தன, கொப்புளித்தன, ஒன்றன் மேல் ஒன்று துப்பி விளையாடின. நடுநடுவே வீராயி அதட்டினாள்: "வெளியே மூச்சு விட்டீங்க, பானைய ஒடச்சுருவாங்க. ஒடச்சா அப்புறம் காத்தத்தான் குடிக்கணும்."

பௌர்ணமியன்று கலால் அதிகாரி மரநாய் வேதாசலம் வந்து சேர்ந்தார். மரநாய் சாதியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாய்ப்பாலை மறந்த நாளிலிருந்து அவர் பனையில் கட்டிய கலயத்தைத்தான் நம்பி வாழ்ந்தார். கள், சாராயம், விசேஷ நாளில் இரண்டும் கலந்தது. வேறு எதுவும் நாக்கில் பட்டதே இல்லை. அதனாலேயே அவருக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது.

வந்தவர் முதலில் குட்டிகளைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன இது, புள்ளைங்க கண்ணு இவ்வளவு தெளிவா இருக்கு? நேரா வேற நடக்குதுங்க. ஏம்மா, இந்தக் கலயத்துல இருக்கிறது என்ன? சாராயமா, இல்ல சட்டவிரோதமாத் தண்ணி எதுவும் தயார் பண்றியா?"

வீராயியின் முள் ஒவ்வொன்றும் விறைத்தது. தண்ணீர் என்றால் பானை போயிற்று. பானை போனால் பொட்டு போயிற்று.

"ஐயையோ, சாமி! சத்தியமாச் சாராயம்ங்க. புள்ளைக தலைமேல அடிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அவர் கலயத்தை எடுத்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். அவர் இன்னொரு வாய் குடித்தார். பிறகு கலயத்தைக் கவிழ்த்தே வைத்தார்.

"நெடி இல்ல. காரம் இல்ல. தொண்டையில எரிச்சல் இல்ல. அடேயப்பா, என்ன பக்குவம்!" என்று உடைமரத்தடியில் சாய்ந்தவர் பொழுது சாயும்வரை தூங்கினார். விழித்ததும் தலையைத் தொட்டுப் பார்த்தார். இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"தலைவலி இல்ல! என் சர்வீஸ்லயே தலைவலி இல்லாம எந்திரிச்சது இன்னைக்குத்தான். வாந்தியும் வரல! ஏம்மா, இது ஒன்றாம் நம்பர் சரக்கு. இது இந்தக் காட்டுல கிடக்க வேண்டியதே இல்ல. ராஜா குடிக்க வேண்டியது!"

அப்புறம் நடந்ததை ஊரே பார்த்தது. மேளத்தோடு வந்து வீராயிக்கு மாலை போட்டார்கள். அவளுடைய அடுப்பு அரண்மனை அடுப்பாயிற்று. விறகு தந்தார்கள், புதுப்பானை தந்தார்கள், காவலுக்கு ஓர் ஓணானைத் தந்தார்கள். 'வீராயி ஒன்றாம் நம்பர்' என்று பலகை மாட்டிக் கடை திறந்தார்கள். தண்ணீர் வண்டிக்கு நின்ற அதே வரிசை, அதே குடங்களோடு, இப்போது கடை வாசலில் நின்றது. சங்கிலி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏறவே மாட்டேங்குதே மதினி. ஆனா ஒசத்தியான சரக்குன்னா அப்படித்தான் இருக்கும்போல" என்று பெரிய மனிதத் தோரணையில் தலையாட்டினான்.

மாலை வாடுவதற்குள் பொட்டு வழக்கம்போலக் கலயத்தை நோக்கி ஓடிவந்தது. ஓணான் தடியை நீட்டிக் குறுக்கே நின்றது.

"பல்லு முளைச்சு முடியாத குட்டிகளுக்கு மது கிடையாது. பலகையப் பாரு."

வீராயிக்கு அப்போதுதான் உறைத்தது. நேரே கலால் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"அய்யா, நான் பொய் சொல்லிட்டேன். அது சாராயம் இல்லீங்க. வெறும் கிணத்துத் தண்ணி. காய்ச்சுனேன், உப்பு போயிருச்சு, அவ்வளவுதான். எம்புள்ள தாகத்துல துடிக்குது. ஒரு வாய் குடுக்க விடுங்க அய்யா."

வேதாசலம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல தூக்கம் வர ஆரம்பித்ததிலிருந்து அவருக்குப் பொறுமை கூடியிருந்தது.

"இங்க பாரும்மா. அது தண்ணின்னா நீ தண்ணி தயார் பண்ணியிருக்க. பானைய உடைக்கணும். அப்போ உன் புள்ளைக்கு அது இல்ல. அது சாராயம்ன்னா உன் புள்ள சின்னப்புள்ள. அப்பவும் அதுக்கு இல்ல. ஆனா சாராயம்ன்னா உன் வளையும் நிலமும் தங்கும். நான் எதுன்னு எழுதிக்க?"

வீராயிக்கு முள் சிலிர்த்தது. யார் மேல் பாய்வது என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு பொட்டுவை நினைத்தாள், வளையை நினைத்தாள்.

"சாராயம்ன்னே எழுதிக்கங்க" என்றாள். "அப்ப எம்புள்ளைக எதைக் குடிக்கும்?"

"ஏன், கம்பு ஊறல் இருக்கே? அடுப்புல ஏத்தாத வரைக்கும் அது மது இல்ல. உணவுன்னுதான் சட்டத்துல இருக்கு. அதுவும் சத்தான உணவு."

வீடு திரும்பியபோது சங்கிலி ஒரு சிரட்டை நிறைய ஊறலோடு வாசலில் நின்றான். நன்றாகப் புளித்து நுரை தள்ளிக்கொண்டிருந்தது. புளிப்பில் உப்பு தெரியாது. பின்னால் கலயத்தில் சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஓணான் அதைத் தடியோடு காவல் காத்தது.

"ஆத்தா, அதைக் குடு" என்று பொட்டு கலயத்தைக் காட்டியது.

"அது கெட்டது தங்கம். சின்னப்புள்ளைக குடிக்கக் கூடாது" என்று சொன்ன வீராயிக்குத் தன் குரலே அருவருப்பாக இருந்தது. சிரட்டையைக் குட்டியின் வாயில் வைத்தாள். பொட்டு முகத்தைச் சுளித்தது, தாகம் பொறுக்காமல் குடித்தது, இன்னும் கேட்டது.

மறுநாள் அந்த வழியாக வந்த வேதாசலம் குட்டிகளைப் பார்த்து நின்றார். மூன்றுக்கும் கண் சிவந்திருந்தது. ஒன்று வேலியில் முட்டிக்கொண்டது, ஒன்று விழுந்த இடத்திலேயே பாடிக்கொண்டிருந்தது. பொட்டு அவர் காலைத் தன் அண்ணன் என்று நினைத்துக் கட்டிப்பிடித்தது.

"இப்பத்தான் பாக்க நம்ம காட்டுப் புள்ளைங்க மாதிரி இருக்கு" என்று அதன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். வீராயி எழுந்து அடுப்புக்கு விறகு வைத்தாள்.

நீதி: தண்ணீர் வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு.