நாற்காலிப் பயில்வான்

பயில்வான்களில் ஒரு வகை உண்டு. ஆயுளில் ஒரு நாளும் மெத்தையில் கால் வைக்காமலே எல்லாக் குஸ்தியையும் போட்டு முடிக்கிற வகை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மல்யுத்தப் போட்டிக்கு மெத்தை விரித்துச் சுருட்டுவது என் பிழைப்பு என்பதால், இருபது வருஷமாக இவர்களைக் கிட்டத்தில் பார்க்கிறேன். பிள்ளை இவரை அப்பா என்று கூப்பிடும். நான் வைத்திருக்கும் பெயர் நாற்காலிப் பயில்வான்.

அடையாளம் சுலபம். பிள்ளைக்கு முன்னால் இவருக்கு வியர்த்துவிடும். விசில் ஊதியதும் பிள்ளை குனிந்தால் இவரும் குனிவார், பிள்ளை திமிறினால் இவரும் திமிறுவார், பிள்ளை எதிராளியின் கழுத்தை வளைத்தால் பக்கத்தில் தேமே என்று உட்கார்ந்திருக்கும் மைத்துனரின் கழுத்தை இவர் வளைப்பார். மைத்துனர் அடுத்த போட்டிக்கு வந்தால் அது அதிசயம்.

"ஆறு மாசத்துலேயே தெரிஞ்சுபோச்சுங்க. என் மீசையைப் பிடிச்சா, விடவே இல்லை!" என்பார். மீசையைப் பிடித்த குழந்தை எந்த வீட்டில் விட்டிருக்கிறது?

போன மாதம் வந்தவர் கண்ணாடி அறுக்கும் கடைக்காரர். கடையில் மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விடுவார். இங்கே வந்தால் தொண்டை கிழியும். மகள் பத்தாம் வகுப்பு. அன்றைக்கு ஜெயித்தால் மாநில அணியில் இடம். தோற்றால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

"வலது காலைப் பிடி! வலது கால்!" என்று கத்தினார். எதிரே நின்ற பெண் வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இடுப்புல பூட்டு!" என்றார். அவள் இடுப்பைத் தாழ்த்திக்கொண்டாள். எதிராளிக்கும் இரண்டு காது இருக்கிறது என்பது இந்த வகைக்கு எத்தனை வருஷம் ஆனாலும் உறைக்காது. முதல் சுற்று முடிந்தபோது மகள் பூஜ்யம், எதிராளி ஆறு.

இடைவேளையில் மகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மாள் அவளிடம் பல்லைக் கடித்தாள். "உங்கப்பாவை வெளியே அனுப்பிட்டு வரேன், இரு."

"வேண்டாம்க்கா. கத்தட்டும்."

"பைத்தியமா உனக்கு? அவர் சொல்றதைக் கேட்டுத்தானே அவ முன்னாடியே நகர்றா!"

"அதான்க்கா வேணும்."

சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, சத்தம் பத்தலை. இன்னும் சத்தமா சொல்லுங்க!"

கேட்க வேண்டுமா? மனிதர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "வலது கால்!" கூரைத் தகரம் அதிர்ந்தது. எதிராளி வலது காலைப் பின்னுக்கு இழுத்து, முழு கனத்தையும் இடது காலில் வைத்தாள். மகள் அந்த இடது காலைப் பிடித்தாள். "இடுப்பு!" எதிராளி குனிந்தாள். குனிந்த கழுத்து சும்மா கையில் வந்து விழுந்தது. அப்படியே அமுக்கிப் புரட்டினாள். இரண்டு தோளும் மெத்தையில் ஒட்டின. விசில். ஆட்டம் முடிந்தது.

"பார்த்தியா மாப்பிள்ளை? நான் சொன்னதை அப்படியே செஞ்சா!"

மைத்துனர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "நீங்க வலதுன்னுதானே சொன்னீங்க மச்சான்? அவ பிடிச்சது இடது காலு."

"அங்கேருந்து பார்த்தா அதான்டா வலது!"

நான் மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் மகளிடம் குசுகுசுத்தாள்: "அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடேன்."

"எதுக்குக்கா? மாநிலப் போட்டியில யார் வந்து கத்துவாங்க?"

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். உங்கள் பிள்ளையும் ஏதோ ஒன்றில் நன்றாக வந்திருக்கும். எல்லாம் நான் சொன்னபடி கேட்டதால்தான் என்று நீங்களும் நாலு பேரிடம் சொல்லியிருப்பீர்கள். பக்கத்தில் நின்ற பிள்ளை மறுத்து ஒரு வார்த்தை பேசாமல் தலையை ஆட்டியிருக்கும். ஏன் மறுக்கவில்லை என்று மட்டும் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடாதீர்கள்.