மாமா மெருகிட்ட தங்க முனை

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

இங்கு நான் நலமாக இல்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், இருந்துவிட்டுப் போங்கள். அக்காவைக் கட்டியவர் என்பதற்காகத்தான் 'மதிப்புக்குரிய' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரிக்குக் கீழே மதிப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டுச் சாவி வாங்க ஆய்வகத்துக்கு வந்தவர் வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். "பாப்பா, நீ என்னதான் வேலை செய்யறேன்னு பார்த்துட்டுப் போறேனே" என்றீர்கள். முப்பத்தாறு வயதுக்காரியை எல்லோர் முன்னாலும் பாப்பா என்றதைக்கூட விழுங்கிக்கொண்டு, ஆய்வகத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து விளக்கினேனா இல்லையா? இந்தப் புரதத்தின் மேல் நேர்மின்னூட்டம் இருக்கிறது, அதனால் அது கருவியில் மாட்டியிருக்கும் இந்தத் தங்க முனையில் போய் ஒட்டி எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும், அப்போது திரையில் கோடு மேடாக எழும்பும், ரசாயனம் போட்டு அந்த மின்னூட்டத்தை மூடிவிட்டால் புரதம் ஒட்டாது, மேடும் அடங்கிவிட வேண்டும், ஆனால் எனக்கு மட்டும் வேறு இடத்தில் புதிதாக ஒரு மேடு வந்திருக்கிறது, இதுவரை யாரும் பார்க்காதது, நாலு மாத உழைப்பு, வெள்ளிக்கிழமை கட்டுரை போகிறது என்று. தலையாட்டினீர்களே!

பேராசிரியை கூப்பிட்டாரென்று பத்து நிமிஷம் வெளியே போனேன். திரும்பி வந்தால், முனையைக் கழற்றி, உங்கள் பையிலிருந்த மெருகுப் பொடியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்! "தங்கம்னு சொல்ற, இப்படியா அழுக்கேற விடுவ? முப்பது வருஷமா நகைப் பட்டறை வச்சிருக்கேன், கண்ணு கூசுது பாப்பா." கூசினால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதானே! அது என்ன மூக்குத்தியா?

கழுவி மாட்டிச் சோதனையை ஓட்டினேன். மேடு இல்லை. புதுசா புரதம் கரைச்சு, புதுசா ரசாயனம் போட்டு, சாப்பிடாம கொள்ளாம எட்டு தடவை ஓட்டியாச்சு, கோடு செத்த பாம்பாட்டம் படுத்துக் கிடக்கு. நாலு மாசம் மாமா! அக்காகிட்ட அழுதா, "அவரு நல்ல எண்ணத்துலதான்டி செஞ்சிருப்பாரு"ங்கறா. அந்த நல்ல எண்ணத்தைப் பட்டறையிலேயே பூட்டி வச்சுட்டு வரக் கூடாதா? இனி நீங்கள் என் ஆய்வகம் இருக்கும் தெருப்பக்கமே வரக் கூடாது. வீட்டுக்கு வரலாம், எதையும் தொடக் கூடாது.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள். நீங்கள் நீண்ட ஆயுளோடு, என்னிடமிருந்து நீண்ட தூரத்தில் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆத்திரம் அடங்காத மச்சினி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பேராசிரியை வந்து, மெருகிடாத இன்னொரு பழைய முனையில், புரதமே இல்லாத வெறும் கரைசலை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அதே இடத்தில் அதே மேடு! நாலு மாதமாக நான் ஆராய்ந்தது அழுக்கை. நீங்கள் தேய்த்த முனையிலோ, ரசாயனம் போடாத புரதம் இதுவரை காணாத அளவுக்குத் தெளிவாக மேடு காட்டுகிறது. போட்டது ஒழுங்காக அடங்குகிறது. கட்டுரை போயிருந்தால் மானம் போயிருக்கும். "யாரும்மா இவ்வளவு அழகா மெருகு போட்டது?" என்று பேராசிரியை கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். இத்துடன் உள்ள பொட்டலத்தில் ஐந்து முனைகள் இருக்கின்றன. தேய்த்துச் சீக்கிரம் அனுப்புங்கள். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.