முதல் ஊசி யாருக்கு?

மேனாம்பேடு,
12.6.1995

சௌபாக்கியவதி பேபிக்கு, மேனாம்பேட்டின் முடிசூடா மன்னனும் உன் பெரிய மாமனுமான கன்னியப்பன் எழுதிக்கொண்டது. நீயும் ஓசூர் மாப்பிள்ளையும் உன் வயிற்றிலிருக்கும் இளவரசரும் சுகம்தானே? இனி நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நீயும் நம்பாதே.

கம்பெனியில் ரத்ததானம் கொடுத்தேன். சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். ஹெபடைடிஸ் பி என்றொரு கிருமி என் கல்லீரலில் சின்ன வயதிலிருந்தே பட்டா வாங்காமல் குடியிருக்கிறதாம். இத்தனைக்கும் அந்தக் காலத்தில் மஞ்சள் காமாலையில் படுத்தவன் உன் சின்ன மாமன் வேம்புலி. "இன்னாடா, மஞ்சத்தண்ணில முங்கிட்டியா?" என்று சிரித்தவன் நான். அவனுக்குள் வந்த அதே கிருமி அப்போதே ஓடிவிட்டதாம்!

ஒரு தாய் பிள்ளைகளுக்குள் ஏனிந்த வித்தியாசம் என்று ஆராய, ஆஸ்பத்திரி டாக்டரம்மா கூடப்பிறந்தவர்களின் ரத்தம் கேட்டார். பங்காளி தசரதனிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு பங்காளிக்குச் சொல்லி மற்றவனுக்குச் சொல்லாவிட்டால் நாளைக்கு எவன் என் வாசலை மிதிப்பான்? வெற்றிலை பாக்கோடு வீடுவீடாக அழைத்தேன். பருத்திப்பட்டு ஏரியையே குடித்துத் தீர்க்கும் கூட்டம், பம்பை உடுக்கையோடு லாரிகளில் வந்து இறங்கியது. "கோயில்ல மொத மரியாத எனக்கு, இங்க மட்டும் வேம்புலிக்கு இன்னாத்துக்கு மொத ஊசி?" என்று தசரதன் துண்டை உதற, நாற்காலிகள் பறக்க, டாக்டரம்மா மேசைக்கடியில் புகுந்துகொண்டார்.

நானும் குனிந்து கேட்டேன்: "ஒரே ஊட்ல பொறந்தோம், ஒரே சட்டில துன்னோம். அவனாண்ட ஓடிப்போனது என்னாண்ட மட்டும் எப்டிமா குந்திகினு கீது?"

"உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்குங்க. கிருமிய அடையாளம் பாக்கிற கண்ணு அப்பா அம்மாகிட்டருந்து வருது, அண்ணன் தம்பிக்கே வேற வேற மாதிரி. எந்த வயசுல தொத்துச்சுங்கறதும் இருக்கு. முழுசா எங்களுக்கே இன்னும் தெரியல."

"அண்ணாத்தே, உன் வாச்மேன் தூங்கிகினு கீறான், வாய் மட்டும்தான் முழிச்சிகினு கீது" என்றான் வேம்புலி.

டாக்டரம்மா தலையை நீட்டினார். "கிருமி உங்கம்மாகிட்டருந்து வந்திருக்கலாம். தங்கச்சி உண்டா? அவங்களுக்குப் பொண்ணு?"

"எங்க வம்சத்துப் பொம்பளைங்ககிட்ட எந்தக் கிருமியும் வாலாட்டாது!" என்று மீசையை முறுக்கிவிட்டு வந்தேன்.

பொன்னியம்மன் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். மாப்பிள்ளைக்கு என் மீசையின் வணக்கம்.

பெரிய மாமன்,
கன்னியப்பன்

பி.கு.: லாரியுமில்லை, பம்பையுமில்லை. நானும் வேம்புலியும் உன் அம்மாவும் பஸ்ஸில் போய்வந்தோம், அவ்வளவுதான். கடுகளவு மெய், டாக்டரம்மாவின் அந்தக் கடைசிக் கேள்வி. உன் அம்மா ரத்தத்திலும் அந்தக் கிருமி கீது, கண்ணு. நாளைக்கே நீ டெஸ்ட் எடு. இருந்தாலும் பயமில்லை, பிள்ளை பிறந்த அன்றைக்கே ஊசி போட்டால் காப்பாற்றிவிடலாமாம். இளவரசருக்குத்தான் முதல் ஊசி. தசரதனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.