சிவப்பு சாயும் பக்கம்

அந்தக் கூடத்தில் எவரும் ‘வலிக்கிறது’ என்று சொல்வதில்லை. அப்படியொரு அறிவிப்பு எங்கும் எழுதி மாட்டப்படவில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. ஆயினும், முட்டி வீங்கிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடியேறி வந்தவர்கூட, “எப்படி இருக்கு?” என்று கேட்கப்பட்டதும் “குறைஞ்சிருக்குங்க” என்றே விடையளித்தார். குறையவில்லை என்றால் குற்றம் நோயாளியிடம் இருப்பதாகப் பொருள். தகட்டிடம் குற்றம் இருக்க இயலாது என்பது முன்னரே முடிவாகியிருந்தது.

தகடு என்பது உள்ளங்கை நீளத்தில், பிறை போல் வளைந்து, விளிம்பு மழுங்கிய ஓர் எஃகுத் துண்டு. அதை வைத்திருந்தவர் தகட்டய்யா. அவருடைய கோட்பாடு எளிமையானது. அடிபட்ட இடம் ஆறாமல் கிடப்பதற்குக் காரணம் அடியன்று, பிறர் பொறாமை. பொறாமை தசைக்குள் புகுந்து முடிச்சிடுகிறது. தகட்டால் சுரண்டினால் அது சிவப்பாக வெளியேறுகிறது. சிவப்பு இடப்பக்கம் சாய்ந்தால் பொறாமைக்காரர் தாய்வழிச் சொந்தம்; ஒரே வயிற்றில் பிறந்தவர்களும் அதில் அடக்கம். வலப்பக்கம் சாய்ந்தால் தந்தைவழி.

அய்யா வலது கைக்காரர். தகட்டை எப்போதும் இடப்பக்கமாகவே இழுப்பவர். ஒரே ஆண்டில் அவ்வட்டாரத்துத் தாய்மாமன்களும் சித்திகளும் இவ்வளவு கெட்டுப்போனதற்கு வேறு விளக்கம் இருக்கக்கூடுமோ என்று எவரும் ஆராயவில்லை.

காத்திருந்தவர்கள் தத்தம் சிவப்பை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எனக்குப் போன வாரம் முழங்கை வரைக்கும் செவந்துச்சு.”

“அப்ப நாலஞ்சு பேராவது இருப்பாங்க உங்களுக்கு.”

“எனக்கு லேசாத்தான் செவந்துச்சு,” என்றார் ஒரு தபால்காரர், தலை குனிந்தபடி. பொறாமைப்படக்கூட ஆளில்லாத வாழ்வு வாழ்ந்துவிட்டோமே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

மூன்றாவது வரிசையில் பெயின்டர் உட்கார்ந்திருந்தாள். நான்கு மாதங்களுக்கு முன் ஏணியிலிருந்து விழுந்ததில் அவளுடைய வலது தோள் அடிபட்டது. ஆஸ்பத்திரியில், சுவரில் விரல்களை வைத்து நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கை காது வரை ஏறியபோது அவள் இங்கே வந்தாள். பயிற்சி முடிச்சை இறுக்கும் என்று அய்யா அதை நிறுத்தச் சொன்னார். இப்போது கை கன்னத்துக்கு மேல் ஏற மறுத்தது. சிவப்பு இடப்பக்கம் சாய்ந்ததால், விழுந்த நாள் முதல் அவளுக்குத் தலைவாரிவிட்டு வந்த சொந்த அக்காவோடும் பேச்சை விட்டிருந்தாள். மேஸ்திரியோ ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “மாசக் கடைசிக்குள்ள கூரைக்கு ரோலர் எட்டலைன்னா நான் வேற ஆள் பாக்கணும்மா.” மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

துணைக்கு வந்திருந்த நாத்தனார், ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள்.

“அண்ணி, இதே மாதிரி தகடு எங்க பிரிவிலயும் இருக்கு.”

“அதுல சக்தி இருக்கா?”

“எஃகு இருக்கு. மெதுவா நாலு இழுப்பு இழுத்தா கொஞ்ச நேரம் இளகின மாதிரி இருக்கும். அந்த நேரத்துல கையத் தூக்கிப் பழகணும். பழகறதுதான் வைத்தியம். அழுத்திச் சுரண்டினா யாருக்கும் சிவக்கும்.”

“எல்லாருக்கும் சிவக்காதும்மா. அந்தப் பொண்ணுக்குச் சிவக்கிறதில்ல, தெரியுமா?”

அந்தப் பெண் அய்யாவின் கொழுந்தியாள். வரிசை எண்ணைக் கூப்பிடுபவள். முற்றிலும் தூய்மையடைந்துவிட்டவள் என்பதற்கு நடமாடும் சான்று. காலைதோறும் அய்யா அவளுடைய முன்கையில் எண்ணெய் தடவித் தகட்டை ஓட்டுவார். புத்தகத்தில் தூசு துடைப்பவர்கூட அதைவிட அழுத்தமாகத் துடைப்பார். சிவக்காது. கூட்டம் பெருமூச்சு விடும். அந்தப் பெண்ணும் விடுவாள். ஏனெனில் அவளும் அதை மனமார நம்பினாள். அந்தக் கூடத்தில் அய்யாவைத் தவிர எல்லாருமே நேர்மையானவர்கள்.

நாத்தனார் எழுந்து அவளிடம் போனாள்.

“உங்களுக்கு எங்க சுரண்டினாலும் சிவக்காதாங்க?”

“எங்கயும் சிவக்காது.”

“அப்ப எங்க அண்ணியோட முறை வரும்போது, அய்யாகிட்ட சொல்லாம நீங்க உட்காருங்க. சிவக்கலைன்னா நானே நாளைக்கு முதல் ஆளா வரிசையில நிப்பேன்.”

கொழுந்தியாள் சிறிதும் தயங்கவில்லை. நம்புகிறவருக்குச் சோதனை ஒரு திருவிழா. கூட்டமும் மறுப்புச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்காரி மண்ணைக் கவ்வுவதைக் காண எவருக்குத்தான் ஆசையிருக்காது?

கூடத்துக்கும் அய்யாவின் அறைக்கும் இடையில் வெள்ளைத் திரை ஒன்று தொங்கியது. பெண்கள் அதில் முதுகை ஒட்டி உட்கார வேண்டும். கிழிசல் வழியே தோள்பட்டை மட்டும் அந்தப்பக்கம் தெரியும். முகம் பார்த்தால் தகட்டின் தீர்ப்பில் பாரபட்சம் நுழைந்துவிடுமாம். சுரண்டும்போது அய்யா கண்களையும் மூடிக்கொள்வார்.

“பெயின்டரம்மா. தோள்பட்டை. ஆறாவது தடவை,” என்று வழக்கமான குரலில் கூப்பிட்டுவிட்டு, கொழுந்தியாள் தானே போய் உட்கார்ந்தாள்.

திரைக்குப் பின்னால் தகடு வேலை செய்யும் ஓசை கேட்டது. சுவரில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டும் ஓசையை ஒத்திருந்ததாகப் பெயின்டருக்குத் தோன்றியது; அவளுக்கு அந்தத் தொழில் தெரியும். கொழுந்தியாளின் முகம் முதலில் புன்னகைத்தது. பிறகு புருவம் சுருங்கியது. பிறகு பற்கள் உதட்டைக் கடித்தன.

“அப்பா, என்னா செவப்பு,” என்றார் அய்யா உள்ளிருந்து. “போன தடவையவிட ரெண்டு மடங்கு. இடப்பக்கமே சாயுது. தாய்வழி. கூடப்பிறந்தவ. உங்க அக்காதாம்மா. வெளியில சிரிச்சுப் பேசுவா, உள்ளுக்குள்ள உன்னப் பாத்து வயிறெரியுறா. அவ மூஞ்சியிலயே முழிக்காத.”

கூடத்தின் மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த அய்யாவின் மனைவி, கையிலிருந்த துண்டை மடித்து முடித்து அடுக்கில் வைத்தாள்.

“ஏங்க, நான் எப்பங்க என் தங்கச்சியப் பாத்து வயிறெரிஞ்சேன்?”



“அத்தான்,” என்றாள் கொழுந்தியாள், திரும்பாமலே. “நாந்தான் உக்காந்திருக்கேன்.”

அய்யா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கொழுந்தியாளின் தோளில் எழும்பியிருந்த சிவப்பை எல்லாரும் பார்த்தார்கள். தபால்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

“நேத்து ராத்திரிதான் இவளுக்குக் கண்ணு பட்டிருக்கும்,” என்றார் அய்யா.

“அப்ப உங்க கையில ஒரு தடவ இழுத்துக் காட்டுங்க,” என்றாள் நாத்தனார். “அதே அழுத்தத்துல.”

அய்யா தகட்டைத் துணியில் சுற்றத் தொடங்கினார். கூட்டத்தில் சிலர், தகடு இன்று களைத்திருக்கலாம் என்று முணுமுணுத்தார்கள். மூளைக்கு ஓய்வு கொடுத்தே பழகியவர்கள் எஃகுக்கும் களைப்பு உண்டு என்று நினைப்பதில் வியப்பில்லை. அந்த முணுமுணுப்பைக் கேட்டதும் அய்யாவுக்குத் தெம்பு திரும்பியது. அவர் பெயின்டரின் பக்கம் திரும்பி, கூடம் முழுதும் கேட்கும் குரலில், பழைய கனிவோடு வினவினார்:

“நீயே சொல்லும்மா. இதுக்கு முன்ன அஞ்சு தடவை வந்திருக்க. இப்ப எப்படி இருக்கு?”

பெயின்டர் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். அது கன்னத்தருகே நின்றது. அதற்கு மேல் போக மறுத்தது. கையை இறக்காமலே, அவரைப் பார்க்காமல் வரிசைகளைப் பார்த்துச் சொன்னாள்:

“வலிக்குது. மொத நாள்லேருந்தே வலிக்குது. என் தோளு வலிக்குதா இல்லையான்னு நான் இவர்கிட்ட கேட்டுக்கிட்டிருந்திருக்கேன். இங்க வேற யாருக்காவது வலிக்குதா?”