வலது கை ஒன்று அனுப்பவும்

அமிர்தகழி,
மட்டக்களப்பு.

அன்புள்ள தம்பி சதீசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அத்தானின் வலது தோளைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இது பொய்யல்ல. அங்கே உங்களுக்குக் குளிர் அளவோடு இருக்கட்டும்.

நீ அனுப்பிய ரோபோப் பொம்மைப் பெட்டி பத்திரமாக வந்தது. பாகங்களைப் பொருத்திப் பூட்டி முடித்ததும் உன் இணையப் பக்கத்துக்கு ஒரு மதிப்பீடு வேண்டும், ஒரு நிமிசம் வீடியோவில் பேசினால் போதும் என்றாய். நான் உயிரியல் படிப்பிக்கிறவள். கமராவைப் பார்த்து "சூப்பர்" என்று சொல்லிப் பழக்கமில்லை. விடைத்தாள் திருத்துகிறமாதிரி எழுத்தில்தான் தருவேன். ஆனால் ஒரு பக்கம் காணாமல்போன தாளுக்கு மொத்தப் புள்ளி போடுவது எப்படி? ரோபோவுக்கு இப்போது வலது கை இல்லை. ஏன் இல்லை என்று சொன்னால்தான் நீ இன்னொன்று அனுப்புவாய். ஆகவே சொல்கிறேன், சிரிக்காமல் வாசி.

உன்னிச்சைக் குளக்கட்டில் மோட்டார்சைக்கிளோடு சறுக்கியதிலிருந்து அத்தானின் வலது கை நெஞ்சுக்கு மேலே ஏறவில்லை என்பது உனக்குத் தெரியும். எலும்பு முறியவில்லை, அசைக்காமல் வைத்ததில் தோள் இறுகிவிட்டது, அடுத்த கிளினிக்குக்குள் கை உயராவிட்டால் மயக்க மருந்து கொடுத்து இழுத்துத்தான் இளக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மயக்க மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் மனுசன் செய்துகொண்டிருந்த பயிற்சியையும் விட்டுவிட்டார். அவருடைய பிரசரை நினைத்தால் எனக்கும் பயம்தான். நான் வெளியே காட்டுவதில்லை, அவ்வளவுதான். சின்னச் சின்னச் சாமான்களைக் கொடுத்தால் கை தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்கும் என்று நீ கணக்குப் போட்டாய். நல்ல கணக்கு. ஆனால் அவர் செய்தது என்ன? படம் போட்ட வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருந்துவிட்டார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில், ஒப்பந்த வேலை எடுக்கிற கொந்துராத்துக்காரரை மேய்த்தே ஓய்வு பெற்றவர் அல்லவா! அவர் மேற்பார்வை, நான் கொந்துராத்து.

நான் நிலத்தில் சம்மணம் போட்டு இருந்தேன். பிளாஸ்டிக் சட்டங்களில் தலையும் விலாவும் விரலும், கருவாட்டுக்குக் கோர்த்துக் காயவிட்ட மீன்மாதிரித் தொங்கின. எழும்பும்போது என் இடது முழங்கால் "டக்" என்றது. அது போன வருசத்து வியாதி, அதை விடு. வெட்டுவதற்கு ஒரு சின்னக் குறடு வேண்டுமென்று புத்தகத்தில் படம் இருந்தது. காத்தான்குடியில் முத்தலிப்பின் ஹாட்வெயார் கடைக்குப் போனேன். "என்னத்த வெட்டப்போறீங்க டீச்சர்?" என்று கேட்டார். ஐம்பதை நெருங்குகிற ஒரு பெண், ரோபோவின் விலா எலும்பை என்று சொல்வாளா? "பிளாஸ்டிக் சாமான்" என்றேன். அவர் தண்ணீர்க் குழாய் வெட்டுகிற கத்தரியைத் தந்துவிட்டார். ஒரே வெட்டில் தலையிலிருந்த இரண்டு கொம்பில் ஒன்று போயிற்று. அத்தான் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கொந்துராத்துக்காரனும் வாழ்நாளில் மறந்திருக்கமாட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் மாமி வெற்றிலைப் பையோடு வந்தா. "இதுக்கு ஏன் புள்ள குழாய் வெட்டுறதெல்லாம்?" என்று தன் பாக்குவெட்டியை நீட்டினா. உன் வாசகர்களுக்கு இதைத் தனியாக எழுது: இந்த வேலைக்குப் பாக்குவெட்டியை மிஞ்சிய ஆயுதம் இல்லை, சுண்ணாம்பை மட்டும் முதலில் கழுவிவிடவேண்டும். மாமி ஒற்றைக் கொம்புத் தலையைத் தூக்கிப் பார்த்தா.

"இது ஆரு மனே, சூரனோ?"

"ஓம் மாமி, சப்பான் சூரன்" என்றார் அத்தான்.

"அதான் பார்த்தன், முழி சரியில்ல. அது கிடக்கட்டும். முருகனுக்கு வெள்ளியில ஒரு கை செய்து போடுறன் எண்டு நேந்துவை புள்ள. இவர்ர கை தன்னால எழும்பும்."

"மாமி, கையை ஆட்டினாத்தான் தோள் இளகும். உண்டியல்ல போட்டா இளகாது" என்றேன். மாமி என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனா.

இனி இந்த ரோபோவைச் செய்த கம்பனியின் குற்றத்துக்கு வருகிறேன். உடம்பும் தலையும் நீலம், கைகால் மட்டும் வெள்ளிமாதிரிப் பளபளவென்று வேறொரு பைக்குள். அந்தப் பையை உடைத்தபோது மாமி இல்லை. வலது கையைப் பூட்டி, ஒட்டுப்படத்தைத் தண்ணீரில் நனைத்து ஒட்டி, காயவைக்க இடம் தேடினேன். விசிறிக் காற்றுப் படாத இடம் எங்கள் வீட்டில் சாமித்தட்டு ஒன்றுதான். ஒரு சின்னத் தட்டத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அன்று வெள்ளிக்கிழமை.

திரும்பி வந்தால் தட்டம் கிடக்கிறது, கையில்லை. அத்தான் கதிரையில் நித்திரை. சாமித்தட்டுக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, அரிசி வாளிக்குள்ளே எல்லாம் தேடினோம். பூனையையும் விசாரித்தோம். பொழுதுபடச் சின்னத்தங்கம் மாமி திருநீற்றோடு வந்தா, முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்குத் தெரியும் புள்ள, நீ வாயால சொல்லமாட்டா, மனசில வச்சிருப்பா எண்டு. சாமித்தட்டில கையைக் கண்டன். படிச்ச பிள்ளைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோக வெக்கமாக்கும் எண்டு நானே சித்தாண்டி முருகனிட்டக் கொண்டுபோய் உண்டியல்ல போட்டுட்டு வாறன். என்ன வடிவான கை! அஞ்சு விரலும் மடங்குது!"

நான் வெறும் தட்டத்தைப் பார்த்தேன். அத்தானுக்குக் கோபம் வந்தது. "ஐயோ மாமி! சூரன்ட கையைக் கொண்டுபோய் முருகனிட்டயே குடுத்திட்டீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வலது கையால்.

நாங்கள் மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது நெற்றியிலேயே இருந்தது. இறக்கினால் மறுபடி ஏறுமோ என்ற பயத்தில் மனுசன் அதை இறக்கவில்லை. தேத்தண்ணியை இடது கையால் குடித்தார். மாமி "முருகா" என்று நிலத்தில் விழுந்து கும்பிட்டா. நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வெங்காயம் எதுவும் உரிக்கவில்லை, கண் எரிந்தது.

இதற்கு அறிவியல் விளக்கம் உண்டு. நான் ஒவ்வொரு துண்டையும் தலைகீழாகப் பூட்ட, அவர் பொறுக்கமாட்டாமல் "இஞ்ச தா, இஞ்ச தா" என்று பறித்துப் பறித்துத் தோள் மெல்ல மெல்ல இளகியிருக்கிறது. மிச்சம் இருந்தது பயம்தான். பயத்தைக் கோபம் உடைத்தது. கிளினிக்கில் டொக்டர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். மயக்க மருந்து தேவையில்லை என்றார். "என்ன பயிற்சி செய்தீங்க?" என்று கேட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கோயிலில் போய்க் கையைத் திருப்பிக் கேள் என்று நீ சொல்லக்கூடும். பட்டதாரி ஆசிரியை ஒருத்தி வரிசையில் நின்று, உங்கள் உண்டியலில் விழுந்த கை என்னுடையது, அது முழங்கையில் ரொக்கெட் விடும் என்று சொல்ல வேண்டுமா? ஆகவே வலது கை ஒன்று அனுப்பவும்.

மற்றப் புள்ளிகள்: வழிகாட்டிப் படங்களுக்குப் பத்துக்கு ஒன்பது. கொம்புக்கு ஆறு, அதில் என் பிழையும் உண்டு. கால்களுக்குப் பத்து, முக்கியமாக இடது முழங்கால் சத்தமே இல்லாமல் மடங்குகிறது. ரோபோ சுடுகிற துவக்குக்குப் புள்ளி இல்லை, அதை நான் பூட்டவேயில்லை. துவக்குப் பிடித்தவர்களை இந்த ஊரில் போதுமான அளவு பார்த்தாயிற்று, ரோபோ நிற்கிற அலுமாரிக்கு மேலேயும் ஒருவர் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. தண்ணீர் நிறையக் குடி, போனைப் படுக்கையில் வைக்காதே. மாமாங்கேஸ்வரர் துணை என்று போடச்சொல்லி அத்தான் பின்னால் நிற்கிறார்; போட்டாயிற்று.

இப்படிக்கு,
அக்கா கேதீஸ்வரி

பி.கு.: கை அனுப்பவேண்டாம். நேர்ந்து கொடுத்த கை கிறுகித் திரும்பி வீட்டுக்கு வந்தால் நோவும் கூடவே வரும் என்று மாமி சொல்கிறா. இதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். என்றாலும் அனுப்பவேண்டாம். அதற்குப் பதிலாக இடது கால் ஒன்று மட்டும் அனுப்பு, வெள்ளி நிறத்திலேயே. எங்கள் ரோபோவின் காலைக் கழற்ற அத்தான் விடமாட்டாராம். கேட்டுப் பார்த்துவிட்டேன்.