வாங்கில் ஏற்றக் கூடாது

மகளின் வலது காலிலிருந்து இரும்பு பூட்டிய சப்பாத்தைக் கழற்றியதும் மரியநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணுக்கால் பழையபடி வீங்கிக் கிடந்தது.

"இண்டைக்கும் மாஸ்டர் வாங்கிலை ஏத்தி விட்டவரோடி?"

"ஓம் அம்மா. வீட்டுக்கணக்குக் காட்டேல்லை எண்டு," என்றாள் ஒன்பது வயது ஞானசவுந்தரி.

"நேற்றுப் பின்னேரம் குசினி வாசலிலை இருந்து செய்தனீதானே? நான் கண்டனான்!"

பிள்ளை குனிந்து காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

குலசிங்கம் மாஸ்டரின் வகுப்பில் கணக்குக் காட்டாதவர்கள் தாங்கள் இருக்கும் நீள வாங்குப் பலகையின் மேல் ஏறி நிற்க வேண்டும். எல்லோருக்கும் பொதுச் சட்டம். போலியோ வந்து சூம்பிய காலுக்கும் அதே சட்டமா? 'இந்தப் பிள்ளையை நிற்க வைக்கக் கூடாது' என்று யாழ்ப்பாணத்து டொக்டர் இங்கிலீசில் கடிதமே தந்திருந்தார். அது பள்ளிக்கூடத்து அலுமாரிக்குள் மிகவும் பத்திரமாக இருந்தது.

புருசன் இராயப்பு ஊரில் இருந்திருந்தால் போய்க் கதைத்திருப்பான். அவன் வள்ளத்தில் மன்னார்ப் பக்கம் மீன்பிடித் தொழிலுக்குப் போய் ஏழு மாதம். "நத்தாருக்கு வந்திடுவன்" என்றவன். மார்கழியில் நத்தார்ப் பெருநாளும் போய், உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது. கடலில் நேவிக்காரன் சுடுகிற காலம். மகள் கேட்டால், "வருவர், பேசாமல் சாப்பிடு" என்று வாயை அடைத்துவிட்டு, மரியநாயகி குசினிக்குள் போய் நின்று அழுவாள். அவனுடைய குரலை ஒருதரம் கேட்டால் போதும் என்றிருக்கும்.

மாதா கோயில் சுவாமியாரைக் கொண்டு தமிழில் ஒரு துண்டு எழுதுவித்து மாஸ்டரிடம் நீட்டினாள்: 'ஞானசவுந்தரியை இனி வாங்கில் ஏற்றக் கூடாது.'

"சரி, எழுத்திலை தந்திட்டீர். எழுத்துப்படி செய்வம்," என்றார் மாஸ்டர்.

செய்தார். அடுத்தநாள் எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் இருக்க, ஞானசவுந்தரி மட்டும் நிலத்தில் சாக்கு விரித்து இருந்து விம்மிக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், இதென்ன அநியாயம்?"

"வாங்கிலை ஏத்தக் கூடாது எண்டு நீர்தானே தந்தனீர்? ஏறாமல் எப்பிடி இருக்கிறது?"

"ஏத்தி நிக்க விடக் கூடாது எண்டல்லோ சொன்னது! நிலத்திலை இருந்து எழும்ப அவளுக்கு ஏலாது. ஒரு கதிரை குடுங்கோ!"

வகுப்பில் இருந்ததே ஒரு கதிரை. அது மாஸ்டருடையது. மனுசன் ரோசத்தில் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க நின்று படிப்பித்தார். பின்னேரம் அவருடைய கால் வீங்கிவிட்டது.

"எனக்கு ஆரப்பா டொக்டர் கடிதம் தாறது?" என்று மரியநாயகி வீட்டு வாசல் படலையடியில் நின்று கத்தினார்.

மரியநாயகியின் வீட்டிலும் கதிரை ஒன்றுதான். இராயப்புவின் பிரப்பங்கதிரை. ஏழு மாதமாக அதில் ஒருவரும் இருக்கவில்லை. வந்த விருந்தாளியைக்கூட அவள் பாயில்தான் இருத்தினாள். ஞாயிறு தவறாமல் தூசி தட்டி, வாசலைப் பார்க்க வைப்பாள். அதை இப்போது தலையில் தூக்கிக்கொண்டு சுருவில் ஊர்க் கடற்கரை றோட்டால் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வீட்டில் அந்த இடம் வெறுமையாய்க் கிடக்கப் பார்க்கவே மனம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் எட்டிப் பார்க்கப் போனாள். கடல் மணல் வந்து அடிக்காமல் கட்டின பள்ளிக்கூடத்து ஆளுயர மதிலைச் சுற்றி, முற்றத்துக்குள் கால் வைத்தவள் திகைத்து நின்றாள். வகுப்பின் அரைச்சுவருக்கு மேலால் நன்றாகவே தெரிந்தது: இராயப்புவின் கதிரைக்கு மேல், இரும்புச் சப்பாத்தோடு, மகள் ஏறி நின்றாள்.

"மாஸ்டர்! கதிரையிலையும் ஏத்திப்போட்டியளோ?"

"மாதாவாணை, நான் ஏத்தேல்லை!" சைவக்காரரான மாஸ்டர் பதறியதில் மாதா மேலேயே சத்தியம் செய்துவிட்டார். "இரு, இரு எண்டு கத்திக் களைச்சுப்போனன். உம்மடை பிள்ளையையே கேளும்!"

இவ்வளவு சத்தத்துக்கும் பிள்ளை திரும்பவில்லை. வெளியே பார்த்தபடியே நின்றாள்.

முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அல்போன்சம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்து மரியநாயகியின் கையைப் பிடித்தாள்.

"மாஸ்டரோடை கொளுவாதை, பிள்ளை. கணக்கைச் செய்து கொண்டுவந்து, கொப்பியை ஒளிச்சு வைச்சிட்டு ஏறுறவள் அவள்தான். மேலை நிண்டாத்தானே மதிலுக்கு அங்காலை தகப்பன்ரை வள்ளம் வருதோ எண்டு தெரியும்."